விலக்கப்பட்ட காதல்: கற்பனை உலக ரோல்பிளேயில் அதை நம்பும்படி எழுதுவது எப்படி?

எல்லைவிளக்கு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர் எட்டு மாதங்களாக எழுத்து வழியாக ஒரு கற்பனை உலகத்தில் ரோல்பிளே, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஒரே கதையைச் சேர்ந்து எழுதும் விளையாட்டு, ஆடி வருகிறோம். நடுவில் ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. இக்கரையில் மனிதர்கள் வாழ்கிறார்கள், எதிர்க்கரைக் காட்டில் எல்ஃபுகள் என்ற கற்பனை இனத்தார் வாழ்கிறார்கள். முப்பது ஆண்டுப் போருக்குப் பிறகு இரு தரப்பும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பகலில் வணிகத்துக்காக ஆற்றைக் கடக்கலாம், ஆனால் சூரியன் மறைந்த பின் எவரும் அயல் கரையில் தங்கக்கூடாது என்பது அதன் முதல் விதி.

என்னுடைய கதாபாத்திரம் இக்கரைப் படகுத்துறையின் காவல்தலைவி. நண்பர் ஒருவர் ஆடும் கதாபாத்திரம் எதிர்க்கரையிலிருந்து மூலிகைக் கட்டுகளோடு வரும் மருத்துவன். கதாபாத்திரங்கள் இருவரும் வளர்ந்தவர்கள், ஆடுகிற நாங்கள் ஐவரும் அப்படியே. இவர்களுக்கிடையே காதல் உருவாக வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்தோம். மூன்றாம் அமர்வில் காதல் வந்தது, நான்காம் அமர்வில் ஊர் எதிர்த்தது, ஐந்தாம் அமர்வில் இருவரும் மலைப்பக்கம் தப்பி ஓடினார்கள். ஆறாம் அமர்வில் எங்களுக்கு எழுத எதுவும் இல்லை. காடு, நெருப்பு, நட்சத்திரங்கள், அணைப்பு என்று நான்கு பத்திகள் எழுதிவிட்டு இருவருமே நிறுத்திக்கொண்டோம்.

மற்ற மூவரும் அன்பாகவே ஒன்றைச் சொன்னார்கள்: "அவர்கள் காதலிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது விலக்கப்பட்டது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை." ஊரே எதிர்த்ததே என்று கேட்டேன். எதிர்த்தவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருந்தார்கள், அவர்கள் சொல்வதைக் காவல்தலைவி ஒரு நொடிகூட நம்பவில்லை என்று பதில் வந்தது. இந்தத் தடைக்கு நாங்கள் உலகக் குறிப்பில் எழுதியிருந்த காரணம் ஒரே வரிதான்: "அரசருக்கு எல்ஃபுகளைப் பிடிக்காது."

எல்லோரின் ஒப்புதலோடு நான்காம் அமர்விலிருந்து மறுபடியும் ஆடலாம் என்று இருக்கிறோம். இந்தக் காதலை எப்படி எழுதினால் ஆடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் நம்புவார்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல்

உங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஒரே வரியில் இருக்கிறது. அரசருக்குப் பிடிக்காது என்றால் அது அரசருடைய பிரச்சினை. காவல்தலைவியின் நெஞ்சுக்குள் அந்தத் தடைக்கு இடமே இல்லை. வெளியிலிருந்து மட்டும் வருகிற தடையை மதில் ஏறிக் குதிப்பதுபோலத் தாண்டிவிடலாம். தாண்டியதும் கதை தீர்ந்துவிடும், அதுதான் ஆறாம் அமர்வில் உங்களுக்கு நேர்ந்தது. என்னுடைய கருத்தில், காதலிக்கிறவர் அந்தத் தடையைப் பாதியாவது நம்ப வேண்டும். தடை சரியானது, அது பலரைக் காப்பாற்றுகிறது, நானே அதைக் காத்து நிற்பவள் என்ற உறுதியோடு இருக்கும் ஒருத்தி, அதே தடைக்கு எதிரே நிற்க நேரும்போதுதான் அவளுடைய ஒவ்வொரு சிறு அசைவுக்கும் விலை கூடுகிறது.

நன்றாக அமைந்த உலகங்கள் இதை எப்படிச் செய்திருக்கின்றன என்று பாருங்கள். 2009-ஆம் ஆண்டு தொடங்கிய டிராகன் ஏஜ் விளையாட்டுத் தொடரின் உலகத்தில், எல்ஃபுக்கும் மனிதருக்கும் பிறக்கும் குழந்தை மனிதக் குழந்தையாகவே தோற்றம் கொள்ளும். நாடிழந்து, மொழியின் பெரும்பகுதியையும் இழந்து, வண்டிகளில் அலைந்து வாழும் டேலிஷ் எல்ஃபுகளுக்கு இந்த ஒரு செய்தி எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். மனிதரைக் காதலிக்காதே என்று குலத்தின் மூத்தவள் சொன்னால், அதில் வெறுப்பைவிட அச்சமே அதிகம் இருக்கிறது. நாம் இன்னும் ஒருவர் குறைந்துபோவோம் என்ற அச்சம். அந்தக் குலத்தில் வளர்ந்த கதாபாத்திரம் அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டுப் போக முடியாது, எங்கே போனாலும் அது கூடவே வரும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் அரை எல்ஃப் என்பது ஆடுபவர் சாதாரணமாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய ஓர் இனம். அப்படிப்பட்ட உலகத்தில், சத்திரத்துக்குச் சத்திரம் அரை எல்ஃபுகள் உட்கார்ந்திருக்க, மனிதனும் எல்ஃபும் காதலிப்பது கேட்டறியாத பாவம் என்று எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள். அங்கே வேறொரு வழி இருக்கிறது. அதே விதிநூலில் எல்ஃபின் ஆயுள் 750 ஆண்டுகள்வரை நீள்கிறது, மனிதர் பெரும்பாலும் ஒரு நூற்றாண்டைத் தாண்டுவதில்லை. உறவைச் சட்டம் விலக்கவில்லை என்றாலும், அறுநூறு ஆண்டுத் துயரத்தை மகனின் தலையில் சுமத்த விரும்பாத ஒரு தாய் விலக்கலாம். அவளை எதிர்த்து வாதாடுவது எந்த அரசனை எதிர்ப்பதைவிடவும் கடினம்.

ஆகவே முதலில் உங்கள் உலகம் ஏற்கெனவே எதையெல்லாம் அனுமதித்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு பயிற்சியைச் செய்யுங்கள். காவல்தலைவியின் குரலிலேயே, அந்த மாலை விதி ஏன் தேவை என்று ஒரு புதிய காவலனுக்கு அவள் எடுத்துச் சொல்வதுபோல ஒரு பக்கம் எழுதுங்கள். படித்து முடித்தபின் அவள் சொல்வது நியாயம்தான் என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் தடை இன்னும் உருவாகவில்லை என்று கொள்ளுங்கள்.

நாரை

கருங்கல் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அதை மட்டும் பின்பற்றிய ஒரு குழுவில் நான் ஆடியிருக்கிறேன். தடையின் வரலாறு, சட்டப் பிரிவு, தண்டனை, பழைய வழக்குகள் எல்லாவற்றையும் எழுதினோம். உலகக் குறிப்பு நாற்பது பக்கம் வளர்ந்தது. காதல் மட்டும் வரவே இல்லை. இரண்டு கதாபாத்திரங்களும் தடையைக் காதலித்தார்களே தவிர ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

எல்லைவிளக்கிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மருத்துவனுக்குப் பதில் அதே அழகும் அதே வயதும் உள்ள வேறொரு மருத்துவன் படகிலிருந்து இறங்கியிருந்தால், காவல்தலைவி அவனையும் காதலித்திருப்பாளா? ஆம் என்றால் அவள் எதிர்க்கரையைத்தான் காதலிக்கிறாள். இவனிடம் மட்டும் இருப்பது எது? படகு கரை தட்டும்போது எல்லோரும் முந்திக்கொண்டு இறங்க, இவன் மட்டும் கயிற்றைப் பிடித்து நின்று முதியவர்களை இறக்கிவிட்டுக் கடைசியில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அதை அவள் கவனிப்பாள். பத்தாம் நாள் அவன் வழக்கத்துக்கு மாறாக முதலில் இறங்கினால், ஏதோ நடந்திருக்கிறது என்று இந்தக் கரையில் அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். இப்படி ஒன்றை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு காதல் என்ற சொல்லே தேவைப்படாது.

கருங்கல்

நாரையின் கேள்வியை மனமார ஏற்றுக்கொள்கிறேன். நாற்பது பக்கம் எழுதச் சொல்வது என் நோக்கமும் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்தக் கவனிப்பும் தடையும் ஒரே இடத்திலிருந்து வர முடியும். அவள் காவல்தலைவி, படகிலிருந்து இறங்குகிற எதிர்க்கரையாரைக் கூர்ந்து பார்ப்பதே அவளுடைய வேலை. யார் எதைக் கொண்டுவருகிறார், யார் பதற்றமாக இருக்கிறார் என்று பார்க்கப் பழகிய கண்கள் அவளுடையவை. ஐயத்தோடு பார்க்கத் தொடங்கிய பார்வை எந்த நாளில் வேறொன்றாக மாறியது என்று அவளாலேயே சொல்ல முடியாமல் போவதுதான் உங்கள் கதைக்கு இயல்பான தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழையசுவடு

நான் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் ரோல்பிளே சர்வர்களில் பல ஆண்டுகள் ஆடியவன். தடையை விளையாட்டே நடைமுறைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு நல்ல பாடம். 2004-இல் வெளிவந்த அந்த விளையாட்டில் ஹோர்ட், அலையன்ஸ் என்ற இரு பகைத் தரப்புகள் உண்டு. ஒரு தரப்பினர் பேசுவது மறு தரப்பினரின் திரையில் பொருளற்ற ஒலிகளாகக் கலைந்து தெரியும். நாமே எழுதும் எமோட்டுகூட, அதாவது கதாபாத்திரத்தின் செயலைச் சொல்லும் வரிகூட, எதிர்த் தரப்பாருக்கு ஏதோ விநோதமான சைகை செய்கிறார் என்ற அளவில்தான் காட்டப்படும். விளையாட்டில் முன்பே அமைந்திருக்கும் கையசைப்பு, வணக்கம், தலைவணங்கல் போன்ற எமோட்டுகள் மட்டுமே இரு பக்கமும் தெளிவாகத் தெரியும். பகைத் தரப்பார் ஒரே அணியாகச் சேர்ந்து ஆட 2022-இல்தான் வழி திறந்தது.

அந்தக் காலத்தில் எதிர்த் தரப்பிலிருந்த ஒருவரோடு நான் ஆடிய ஒரு காட்சியை இன்றும் மறக்கவில்லை. என் கதாபாத்திரம் ஒரு மனித வீரன், அவருடையது ஹோர்ட் தரப்பின் ஓர்க் இனப் பெண். ஒரு பாலத்தின் இரு முனைகளில் சந்தித்தோம். பேசினால் புரியாது. அவர் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். அவர் எழுந்து தலைவணங்கினார், நானும் எழுந்து வணங்கினேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இந்த நான்கைந்து அசைவுகளைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை. அந்த வழியே எங்கள் கில்டை, அதாவது ஆட்டக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வந்தபோது நான் சட்டென்று வாளை உருவினேன், எதிர்முனையில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு நான் வெளி அரட்டைகளில் எத்தனையோ காதல் வசனங்களை எழுதியிருக்கிறேன், எதுவும் அந்த வாளை உருவிய நொடிக்கு ஈடாகவில்லை.

எழுத்து வழி ஆடுகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் இரு கதாபாத்திரங்களுக்கும் முழுமையான பொது மொழியைக் கொடுத்துவிடாதீர்கள். காவல்தலைவிக்கு எதிர்க்கரை மொழியில் படகு, வரி, திரும்பிப் போ, கட்டை அவிழ் என்பது போன்ற துறைமுகச் சொற்கள் நாற்பது மட்டும் தெரியட்டும். அந்த நாற்பது சொற்களை வைத்துக்கொண்டு அவள் எப்படித் தன் மனத்தைச் சொல்வாள் என்பதே உங்களுக்குப் பல அமர்வுகளுக்குப் போதும். "திரும்பிப் போ" என்ற ஆணையை ஒருநாள் அவள் கேள்விபோலச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தோழிகூற்று

இந்த விவாதத்தில் நம்முடைய சொந்தக் கருவூலத்தை இதுவரை எவரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். சங்க இலக்கியக் காதல் பாடல்களின் அகத்திணை மரபு களவு என்று ஒரு முழு நிலையையே வகுத்து வைத்திருக்கிறது. களவு என்பது ஊர் அறியாத காதலைக் குறிக்கும், சட்டம் விலக்கிய காதல் என்பது அதற்குப் பொருள் ஆகாது. ஆயினும், மறைவில் வாழும் ஒரு காதல் படிப்படியாக எப்படி இறுகுகிறது என்பதை அதைவிட நுட்பமாக வகுத்த ஓர் அமைப்பை நான் கண்டதில்லை.

எல்லைவிளக்கின் கதையில் மூன்றாம் அமர்வில் காதல், நான்காம் அமர்வில் எதிர்ப்பு. இடையில் ஒன்றுமே இல்லை. அகமரபிலோ அந்த இடைவெளிதான் கதை. முதலில் அம்பல், அதாவது வாய்விட்டுச் சொல்லாமல் சிலர் குறிப்பாக உணர்ந்து முணுமுணுக்கும் நிலை. பிறகு அலர், ஊர் முழுக்க வெளிப்படையாகப் பேசும் நிலை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடாதீர்கள். அம்பல் நிலையில் எவரும் எதையும் குற்றம் சாட்டுவதில்லை. படகோட்டி ஒருவன் காவல்தலைவியிடம் "இன்று மருத்துவர் வரவில்லை" என்று, அவள் கேட்காமலேயே சொல்கிறான். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவளால் ஆற்றைப் பார்த்தபடி நிற்கக்கூட முடியாது, ஏனென்றால் நிற்பதையே யாரோ கவனிக்கிறார்கள்.

சந்திப்பையும் மரபு இரண்டாகப் பிரிக்கிறது. பகற்குறி ஒன்று, இரவுக்குறி ஒன்று. பகலில் சந்திப்பதில் கண்களின் ஆபத்து, இரவில் சந்திப்பதில் வழியின் ஆபத்து. உங்கள் உலகத்தில் பகல் சந்திப்பு சட்டப்படி சரி, இரவுச் சந்திப்பு உடன்படிக்கை மீறல். அதாவது உங்கள் ஆறே இந்தப் பிரிவினையைச் செய்து கொடுத்திருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டீர்கள். பகற்குறியிலேயே நீண்ட காலம் இருங்கள். இரவுக்குறிக்கு அவர்கள் போகும் நாள், ஆடுகிறவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நாளாக இருக்க வேண்டும்.

அதற்குப் பின் இற்செறிப்பு, காதலியை வெளியே விடாமல் வீட்டில் வைத்துவிடுவது. காவல்தலைவியை எவரும் வீட்டில் அடைக்க மாட்டார்கள், ஆனால் பதவி உயர்வு கொடுத்து ஆற்றிலிருந்து வெகுதொலைவில் உள்ள கோட்டைக்கு அனுப்பலாம். அன்போடு செய்யப்படும் இற்செறிப்பு அது, எதிர்த்துப் பேசவும் அவளிடம் காரணம் இருக்காது. உடன்போக்கு, அதாவது இருவரும் ஊரை விட்டுப் போவது, இத்தனைக்கும் பிறகுதான் வருகிறது. நீங்கள் அதை ஐந்தாம் அமர்வில் வைத்துவிட்டீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானவள் தோழி. அறத்தொடு நிற்றல் என்ற துறையில், தலைவியின் மறைபொருளைத் தோழி செவிலிக்கு, அதாவது வளர்ப்புத்தாய்க்கு வெளிப்படுத்துகிறாள். காட்டிக்கொடுக்க அல்ல, காப்பாற்ற. உங்கள் குழுவில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். உண்மையை அறிந்தவர், இருவரையும் நேசிப்பவர், என்றைக்குப் பேசுவது என்று தானே முடிவு செய்யும் உரிமை உள்ளவர். அவர் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு அமர்வும் மற்ற எவருடைய வசனத்தையும்விடக் கனமாக இருக்கும்.

ஏழாம்பகடை

நான் பெரும்பாலும் கேம் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக இருப்பவள். தோழிகூற்று கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் விலக்கப்பட்ட காதல் கெட்டுப்போவதை நான் பெரும்பாலும் மேசையில்தான், அதாவது ஆடுகிறவர்களுக்கு இடையில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் தங்களுக்குள் கதை எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். சில வாரங்களில் அவர்கள் சலித்துப்போகிறார்கள். காதலின் விளைவு மற்றவர்களின் கதாபாத்திரங்கள்மீதும் விழ வேண்டும். உளவாளிக்கு அந்த ரகசியம் ஒரு கருவியாகலாம், பூசாரிக்கு அது ஒரு பாவமன்னிப்புச் சுமையாகலாம், இளைய காவலனுக்கு அது தான் வணங்கிய ஒருத்தியின் வீழ்ச்சியாகலாம்.

காதலை மட்டுமே மையமாக வைத்த மேசை விளையாட்டுகளும் இருக்கின்றன. அலெக்ஸ் ராபர்ட்ஸ் உருவாக்கி 2019-இல் வெளிவந்த ஸ்டார் கிராஸ்டு, ஒன்றுசேரவே கூடாத இருவரின் ஈர்ப்பை இரண்டே பேர் ஆடும் விளையாட்டு. அதே ஆண்டு டயானா ஜோன்ஸ் விருதையும் பெற்றது. அதில் பகடை இல்லை, மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரம் ஒன்று நடுவில் நிற்கும். கதாபாத்திரங்கள் நெருங்க நெருங்க அதிலிருந்து கட்டைகளை உருவ வேண்டியிருக்கும், கோபுரம் சரியும் நொடியில் அவர்கள் தங்கள் உணர்வுக்கு ஆட்பட்டுச் செயல்படுவார்கள். நான் அதை ஆடியபோது ஒரு செய்தி கைவிரல்களில் புரிந்தது. கட்டையை உருவாமல் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கும் அந்தத் தயக்கத்தில்தான் காதல் முழுவதும் இருக்கிறது. எழுத்து வழி ஆட்டத்தில் கோபுரம் இல்லை, ஆகவே அந்தத் தயக்கத்தை நீங்களே எழுத வேண்டும். ஓர் அமர்வில் ஒரு நெருக்கம் மட்டும் என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஒருவர் ஒரு படி முன்னே வந்தால், மற்றவர் அதே அமர்வில் இன்னொரு படி எடுக்கக்கூடாது.

இப்போது கதைக்கு வெளியே பேச வேண்டியவை. இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். விலக்கப்பட்ட காதலில் அச்சம், ஏமாற்று, தண்டனை எல்லாம் வரும், ஆகவே ஆட்டம் தொடங்கும் முன்பே, செஷன் ஸீரோ என்று நாம் சொல்லும் அந்த முதல் கூட்டத்தில் எல்லைகளைப் பேசிவிட வேண்டும். ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த கோடும் திரையும் என்ற முறை இதற்கு எளிது. கோடு என்றால் இந்தக் கதையில் ஒருபோதும் வரக்கூடாதது, திரை என்றால் நடந்ததாகக் கொள்ளலாம், ஆனால் காட்சியாக எழுதாமல் கடந்துவிட வேண்டியது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையும் உண்டு. ஒருவர் அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு மேலே போக வேண்டும். எழுத்து வழி ஆட்டத்தில் சேனலில் ஒரு குறியீட்டை இதற்கென ஒதுக்கிவிடலாம்.

ஆடுகிறவரின் மனத்துக்கும் கதாபாத்திரத்தின் மனத்துக்கும் இடையே உணர்வு கசிவதைப் பிளீட் என்று சொல்வார்கள். காதல் கதையில் அது மற்ற எந்தக் கதையையும்விட எளிதாக நேரும். கனமான காட்சி முடிந்தபின் பத்து நிமிடம் கதாபாத்திரத்தை விட்டு வெளியே வந்து, உங்கள் சொந்தக் குரலில் ஒருவரோடொருவர் பேசுங்கள். நான் நடத்திய ஒரு குழுவில் இதைச் செய்யாமல் விட்டதால் இரண்டு நல்ல நண்பர்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பொறுப்பு என்னுடையது என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

எல்லைவிளக்கு

எல்லோருக்கும் நன்றி. என் குழுவினர் ஐவரும் இந்தப் பதிவுகளைச் சேர்ந்து படித்தோம். கோடுகளையும் திரைகளையும் எழுதிவிட்டோம். மருத்துவனை ஆடும் நண்பர் ஒரு யோசனை சொன்னார், அதில் எனக்குத் தயக்கம் இருப்பதால் கேட்கிறேன். இருவரும் நெருங்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்பதற்காக, காவல்தலைவி அவனை ஓர் ஐயத்தின் பேரில் கைது செய்து துறைச் சிறையில் பத்து நாள் வைத்திருக்கலாம், அங்கே பேச்சு வளரலாம் என்கிறார். பகைத் தரப்புக் காதல்களில் இது அடிக்கடி வரும் ஏற்பாடு. ஆனால் திறவுகோல் ஒருத்தியின் இடுப்பில் இருக்கும்போது மற்றவன் சிரிப்பதை எப்படி நம்புவது?

நாரை

உங்கள் தயக்கம் மிகவும் சரியானது. அந்தக் கேள்வியைக் காவல்தலைவியே கேட்டுக்கொள்ள வேண்டும். தடை என்பது இருவரையும் ஒரே மாதிரி கட்டுவது, அதிகாரம் ஒருவர் கையில் மட்டும் இருப்பது. இவை இரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதப்பட்ட பல கதைகளை நான் பாதியில் மூடியிருக்கிறேன். சிறைக்குள் இருப்பவன் அன்பாகப் பேசினால் அது அன்பா, உயிர் பிழைக்கும் வழியா என்று எவராலும் சொல்ல முடியாது, அவனாலும் முடியாது.

கைது வேண்டும் என்றால், அது அவர்களைப் பிரிக்கும் நிகழ்ச்சியாக இருக்கட்டும். அவன் விடுதலையாகிப் போய், தன் கரையில், தன் மக்கள் நடுவில், எந்தக் கட்டாயமும் இல்லாமல் இருக்கும் ஒரு நாளில் மறுபடியும் படகேறி வந்தால், அப்போது அந்த வருகைக்குப் பொருள் உண்டு. மறுக்கக்கூடிய ஒருவர் மறுக்காமல் இருப்பதைத்தான் நாம் காதல் என்று நம்புகிறோம். உங்கள் படகுத்துறையில் அவன் மறுப்பதற்கான வழி மிக எளிது. அடுத்த நாள் வராமல் இருந்தால் போதும்.

கருங்கல்

நாரையோடு முழுவதும் உடன்படுகிறேன். அவளிடம் அதிகாரம் இருப்பதை மறைக்கவும் வேண்டாம். அந்த அதிகாரத்தை அவனுக்காக அவள் முதன்முறை எப்படித் தவறாகப் பயன்படுத்துகிறாள், அந்தத் தவறை யார் தலையில் இறக்குகிறாள் என்பதில் உங்கள் கதை திறக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லைவிளக்கு

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நான்காம் அமர்விலிருந்து மறுபடியும் ஆடினோம், நேற்றுதான் ஏழாம் அமர்வு முடிந்தது.

தடையை மாற்றவில்லை, அதன் காரணத்தை மாற்றினோம். போர் முடியும் தறுவாயில் இரு கரையாரும் கலந்து தங்கியிருந்த ஒரு முகாமில், இரவில் யாரோ ஒருவர் தீ வைத்தார். எந்தக் கரையார் என்று இன்றுவரை தெரியாது. விடிவதற்குள் இரு பக்கமும் இருட்டில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். காவல்தலைவியின் அண்ணன் அங்கே இறந்தான், மருத்துவனின் ஆசிரியரும் அங்கேதான் இறந்தார். இரவில் எவரும் அயல் கரையில் இல்லை என்றால் இரவில் எவரும் சாக வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த விதி வந்தது. அவள் அதை முழுமனத்தோடு நம்புகிறாள். கருங்கல் சொன்ன அந்த ஒரு பக்கத்தை எழுதும்போது எனக்கே குரல் அடைத்தது. இளைய காவலனாக ஆடுபவர் அதைப் படித்துவிட்டு, தன் கதாபாத்திரம் அவளுடைய சொல்லை வேதமாகக் கொள்ளும் என்று முடிவு செய்தார்.

நாற்பது துறைச் சொற்களையும் வைத்துக்கொண்டோம். கைது வேண்டாம் என்று நண்பரே சொல்லிவிட்டார். மூன்று அமர்வுகள் முழுக்கப் பகற்குறிதான். படகு வரும், அவன் கயிற்றைப் பிடித்து நிற்பான், கடைசியில் இறங்குவான், அவள் கட்டுகளை அவிழ்த்துப் பார்ப்பாள், எழுதிக்கொள்வாள். ஒருமுறைகூட அவர்கள் தொட்டுக்கொள்ளவில்லை. படகோட்டியின் அந்த வாக்கியத்தைத் தோழிகூற்று எழுதியபடியே ஆறாம் அமர்வில் பயன்படுத்தினோம், அதன்பின் சேனலில் சில நிமிடங்கள் எவரும் எதுவும் எழுதவில்லை.

நேற்றைய காட்சியை இங்கே பகிர்கிறேன். ஒவ்வொரு மாலையும் காவல்தலைவி கணக்கேட்டில் இரண்டு எண்களை எழுத வேண்டும், வந்தவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை என்று. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வாயில் மணி அடிக்கப்படும், ஊர் உறங்கப் போகும். நேற்று இக்கரைச் சிற்றூரில் ஒரு பிரசவம் சிக்கலாகி, மருத்துவனால் கடைசிப் படகுக்கு வர முடியவில்லை. அவன் வருவான் என்று அவள் படகை நிறுத்தி வைக்கவும் முடியாது, நிறுத்தினால் எல்லோரும் பார்ப்பார்கள். படகு போனது. அவள் எண்ணினாள். காலையில் வந்தவர்கள் பன்னிரண்டு பேர், திரும்பியவர்கள் பதினொருவர். இளைய காவலன் மணிக்கயிற்றைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுதியது இவ்வளவுதான்:

"அவள் மையில் தூரிகையை நனைத்தாள். வந்தவர் பன்னிரண்டு என்று எழுதினாள். கை நின்றது. அண்ணன் இறந்த ஆண்டிலிருந்து இந்த ஏட்டில் அவள் ஒரு பொய்யும் எழுதியதில்லை. திரும்பியவர் பன்னிரண்டு என்று எழுதினாள். 'மணியை அடி' என்றாள்."

மருத்துவனை ஆடும் நண்பர் அன்று அதற்கு மேல் எழுதவில்லை, ஏனென்றால் அவனுக்கு இது தெரியாது. பிரசவம் நடந்த வீட்டில் அவன் அந்த மணியோசையைக் கேட்கிறான், தன்னை எவரும் தேடவில்லை என்று மட்டும் புரிந்துகொள்கிறான். கேம் மாஸ்டரிடம் இளைய காவலன் தனியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். படகு போனபோது நானும் எண்ணிக்கொண்டிருந்தேனா என்பதுதான் அது. பகடையை உருட்டிப் பார்த்து, ஆம், எண்ணினாய் என்று கேம் மாஸ்டர் பதில் அளித்திருக்கிறார். அடுத்த அமர்வு ஞாயிற்றுக்கிழமை. காலைக் கணக்கைச் சரிபார்ப்பது அவனுடைய முறை.